வாழை இலை இல்லை, பாகற்காய்

தம்பி கார்த்திக்,

நேற்று நீ போனில் கேட்டதற்கு, "அடுப்புல குழம்பு இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மூச்சு விடாமல் பேசுவேன். நீ பெங்களூரில் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்பாய். எல்லாம் பேசி முடித்த பிறகு, "அப்ப கார்ப்பென்டரை வரச் சொல்லிடட்டுமா?" என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. தபாலில் போட்டு அது உன் கைக்கு வருவதற்குள் எனக்கே கோபம் ஆறிவிடும் என்று உன் அப்பா சொல்கிறார். ஆறாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன் அறையைத் தர மாட்டேன். தையில் கல்யாணம் முடிந்து நீயும் ஸ்ரீநிதியும் லீவுக்கு வந்தால் தங்குவதற்கு அந்த அறைக்கு ஏசி போட வேண்டும், சுவர் முழுக்கக் கப்போர்டு அடிக்க வேண்டும், என் மேசையையும் "அந்தச் சாமான்களையும்" ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றெல்லாம் திட்டம் போட்டிருக்கிறாய். போன தடவை வந்தபோது டேப்பை நீட்டி அளந்துகொண்டும் போயிருக்கிறாய். எனக்கு ஒரு நல்ல எல்இடி லைட் வாங்கித் தருகிறாயாம். எவ்வளவு பெரிய மனசு! நான் அந்த அறையில் உட்கார்ந்திருப்பது காற்றுக்காகவோ வசதிக்காகவோ இல்லை. காலையில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக வரும். துணியின் மேல் மேடாக எழும்பி நிற்கும் தையலுக்கு அந்தச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழுந்தால்தான் மேடு மேடாகத் தெரியும், பள்ளம் பள்ளமாகத் தெரியும். நேர் மேலிருந்து அடிக்கும் லைட்டில் எல்லாம் தட்டையாகிவிடும். மாடி அறையில் ஜன்னல் மேற்கே இருக்கிறது, மத்தியானத்துக்கு மேல் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதில் ஏசி போட்டுக்கொள்ளுங்கள். கார்ப்பென்டரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

"அம்மா எம்ப்ராய்டரி பண்றாங்க" என்று ஊரெல்லாம் சொல்கிறாய். சந்தோஷம். ஆனால் நான் என்ன செய்கிறேன் என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாது என்பதே எனக்கு இந்த ஆவணியில்தான் தெரிந்தது. ஆகவே யாரோ மூன்றாம் மனிதருக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஸ்கூல் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆன புதிதில் நானும் எல்லாரையும் போல ரோஜாப்பூவும் மயிலும்தான் போட்டேன். எனக்கே அலுத்துவிட்டது. ஆரி ஒர்க் பிளவுஸ் என்று போர்டு தொங்காத தெரு நம் கே.கே. நகரில் இருக்கிறதா? கல்யாணப் பெண் ஒவ்வொருத்தியின் முதுகிலும் ஒரு மயில் உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் உன் அப்பா காவிரிக் கரையில், அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் வாக்கிங் போய்விட்டு, கீழே விழுந்து கிடந்ததாம் என்று ஒரு மரப்பட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வெடிப்பு வெடிப்பாக, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளோடு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு மயிலுக்கு வாங்கின நூலையெல்லாம் ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

கம்பளி மாதிரித் தடித்த ஃபெல்ட் துணியைச் சின்னதும் பெரியதுமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்து, உள்ளே பஞ்சு திணித்து, அதன்மேல் நூலால் மூடிக்கொண்டே வர வேண்டும். ஓரம் நிமிர்ந்து நிற்கவேண்டிய இடத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைக்க வேண்டும். சொரசொரப்பு வேண்டும் என்றால் முடிச்சு முடிச்சாகப் போட வேண்டும். எதைப் போடுகிறேனோ அது மேசையில் என் கண்ணெதிரே இருக்க வேண்டும். பலாத்தோல், குளவிக் கூடு, கறுத்துப்போன சீதாப்பழம் என்று "அந்தச் சாமான்கள்" என் மேசையில் கிடப்பது அதற்காகத்தான். எறும்பு வருகிறது என்று நீ மூக்கைச் சுளிப்பாய். வரட்டும், அதுவும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

உன் அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ரயில்வே பணிமனையில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்த மனுஷன். ஆனால் நான் வேலை செய்யும்போது பின்னால் வந்து நின்றுகொள்வார். "இந்தப் பச்சை பொய்யா இருக்கு" என்பார். எனக்குச் சுருக்கென்று ஏறும். "ஆமா, நீங்க கண்டீங்க" என்பேன். "அந்தப் பட்டையைக் கையில எடுத்துப் பாருடி, அதுல எங்க பச்சை இருக்கு? எல்லாம் சாம்பல்தான்" என்பார். இரண்டு பேரும் கத்திக்கொண்டிருப்போம். சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைப்பேன். அப்புறம் அவர் தூங்கும்போது பட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பேன். சில சமயம் அவர் சொல்வது சரியாக இருக்கும், பிரிப்பேன். சில சமயம் அவர் உளறியிருப்பார், அப்படியே விட்டுவிடுவேன். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் எப்படிக் குப்பை கொட்டினாய் என்று என் தங்கை கேட்பாள். இப்படித்தான்.

இனி பாகற்காய்க்கு வருகிறேன். பின்பக்கம் கம்பிவேலியில் பாகற்கொடி படர்ந்திருந்தது உனக்கு நினைவிருக்காது. இலைக்குள்ளே மறைந்து என் கண்ணில் படாமல் ஒரு காய் பழுத்துவிட்டது. நான் பார்த்தபோது நுனிப்பக்கம் வெடித்திருந்தது. மேலே பச்சை, கீழே வரவர மஞ்சள், வெடித்த வாய்க்குள் செக்கச்செவேல் என்று விதைகள். சமையலுக்கு ஆகாத காய், ஆனால் எனக்குப் பொக்கிஷம். நாளாக ஆக அது தொய்ந்துகொண்டே வரும் என்பதால் முதலில் நிறங்களை எல்லாம் பிடித்து வைத்துக்கொண்டேன். பாகற்காயின் மேல் இருக்கும் முண்டும் முடிச்சும் ஒன்று போல ஒன்று இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பஞ்சு வைத்தேன். விதைகள் மட்டும் பட்டுநூல், முடிச்சின்மேல் முடிச்சு. முடித்த அன்று அப்பா வந்து பார்த்தார். குறை கண்டுபிடிக்க ரொம்ப நேரம் முயற்சி பண்ணிவிட்டு, "வாயெல்லாம் கசக்குதுடி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வேறு என்ன வேண்டும்?

நீ வந்தாய். உன்னிடமும் காட்டினேன். போனிலிருந்து தலையைத் தூக்கி, "சூப்பர்ம்மா" என்றாய். மறுபடி தலையைக் குனிந்துகொண்டாய்.

பிறகு ஆவணியில் உன் நிச்சயதார்த்தம். ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீநிதி வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம். அவர்கள் வழக்கம் வேறு, நம் வழக்கம் வேறு. ஏதாவது தப்பாகப் பேசிவிடப் போகிறோமே என்று நானும் அப்பாவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தட்டு மாற்றி முடிந்ததும் நீ எழுந்து ஒரு பெரிய பார்சலைக் கொண்டுவந்து ஸ்ரீநிதியின் அப்பா கையில் கொடுத்தாய். "அம்மாவுக்கே இது சர்ப்ரைஸ்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். அவர் பிரித்தார். தங்க நிறச் சட்டம், உள்ளே கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் அப்பளம் மாதிரி அமுங்கி ஒட்டிக்கொண்டு என் பாகற்காய். நீளமாக, பச்சையாக, ஓரம் மஞ்சள் பாரித்து, தட்டையாக. அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"வாழையிலையா? பேஷ்! நுனி இலை. முனையில குங்குமம் வெச்ச மாதிரி எவ்வளவு மங்களகரமா பண்ணியிருக்கா!"

அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அமுக்கி வைத்ததைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீ என்ன சொன்னாய்? "ஆமா மாமா, வாழையிலைதான். எங்கம்மாவோட கைவேலை" என்றாய். கூசாமல் சொன்னாய். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம்கூட உன் முகத்தில் இல்லை, ஏனென்றால் அது வாழை இலை இல்லை என்று உனக்கே தெரியாது. அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் சிரித்தேன். "உங்களுக்குப் புடிச்சிருந்தா சந்தோஷங்க" என்றுகூடச் சொன்னேன். நல்ல நேரத்தில் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் நீ "எப்படிம்மா என் ஐடியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். காவிரிப் பாலம் வந்தது, போனது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாய்.

என்னிடம் சொல்லாமல் நீ எடுத்துக்கொண்டு போனது எப்படி அப்படி அமுங்கியது என்பது அப்புறம்தான் தெரிந்தது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறாரே அவர், துணி வாங்க வந்தபோது தானாகவே ஆரம்பித்தார். "அக்கா, தம்பி குடுத்த அந்தத் துணி நல்லா வந்துச்சுங்களா? ஒரே மேடா இருந்துச்சு. பூ வேலைங்க, தேய்ச்சா கெட்டுடும்னு சொன்னேன். இல்லண்ணே, கசங்கி இருக்கு, ஃபிரேம் போடணும், நல்லா அழுத்தித் தேயுங்கன்னுச்சு. தண்ணி தெளிச்சுத் தெளிச்சு அழுத்தினேன். கையே விட்டுப்போச்சுங்க" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது பார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். உனக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "சுருக்கம் சுருக்கமா இருந்துச்சும்மா, அதான் நீட்டா இருக்கட்டும்னு" என்றாய். பாகற்காய் நீட்டாக வேண்டுமாம்! நான் தலையில் அடித்துக்கொண்டது உனக்குக் கேட்டிருக்காது.

நீ கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. அம்மாவைப் பெருமைப்படுத்த வேண்டும் என்றுதான் செய்தாய். அதுதான் எனக்கு ஆத்திரமே. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். அன்போடு செய்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

போன வாரம் ஸ்ரீநிதி பிளவுஸ் அளவு கொடுக்க வந்தாள். உன்னிடம் சொல்லியிருப்பாள். ஆனால் முன் அறையில் நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டாள். நான் காபி போடப் போனேன். அவள் தானாகவே உள்ளே போயிருக்கிறாள். மேசையில் பாதி முடித்த குளவிக் கூடு இருந்தது. சில அறைகள் மூடி, சில திறந்து, உள்ளே கறுப்பு நூலால் ஆழம் கொடுத்திருந்தேன். காலை வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் டம்ளரோடு வந்தபோது அந்தப் பெண் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கதவோரமாக நின்றிருந்தாள்.

"ஸாரி ஆன்ட்டி, என்னால கிட்டப் போய்ப் பாக்க முடியல. உள்ளேருந்து ஏதோ வெளில வரப்போறது மாதிரி இருக்கு. உடம்பெல்லாம் கூசறது" என்றாள். சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சமையலறையில் சர்க்கரை எடுக்கப் போவதுபோல் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். உன் அப்பாவுக்கு அடுத்தபடியாக என் தையலை உண்மையாகப் பார்த்த ஆள் அவள்தான். பிடிக்கவில்லை என்கிறாள், கிட்டே வர மாட்டேன் என்கிறாள், ஆனால் பார்த்திருக்கிறாள். நீ ஒருமுறை காந்தி மார்க்கெட்டில் இப்படித்தான் பண்ணினாய். அப்போது உனக்கு நாலு வயசு இருக்கும். முழுப் பலாப்பழத்தைத் தொட்டுவிட்டு, "குத்துது, முழிச்சிப் பாக்குது" என்று கத்தி என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு உனக்கும் கூசியது தம்பி. அந்தக் கண்ணை எங்கே தொலைத்தாய்?

ஸ்ரீநிதி காபியைக் குடித்துவிட்டு மெதுவாக ஓரக்கண்ணால் மறுபடி பார்த்தாள். "இது இவ்வளவு எழும்பி நிக்கறதே. எங்காத்துல மாட்டியிருக்கற வாழையிலை மட்டும் ஏன் ஆன்ட்டி தட்டையா இருக்கு?" என்று கேட்டாள். எனக்கு மறைக்கத் தெரியவில்லை. சொன்னேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாகற்காயா? ஐயோ, எங்காத்துல திவசச் சமையல்னா அது இல்லாம நடக்காது! அதைப் போய் நிச்சயதார்த்தத்துக்கு! எங்க அத்தை தினம் கார்த்தால அதோட கண்ணாடியைத் துடைச்சுட்டு, 'மங்களமா இருக்கு'ங்கறா ஆன்ட்டி!" நானும் சிரித்தேன். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தோம். வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. மெதுவாகக் கேட்டாள்: "அது பாகற்காய்னு கார்த்திக்குத் தெரியவே தெரியாதா ஆன்ட்டி?"

நான் உனக்காகப் பேசினேன். வேலை அதிகம் என்றேன், கம்பெனியில் புது புராஜெக்ட் என்றேன். அவள் "ம்" என்றாள். அதற்குப் பிறகு அளவு பிளவுஸை எடுத்துக் கொடுத்துவிட்டு, சீக்கிரமே ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிட்டாள். அந்த "ம்" என் காதிலேயே நிற்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், கப்போர்டுக்காக இல்லை.

நீ குடிக்க மாட்டாய், கத்த மாட்டாய், பிறந்தநாளுக்கு மறக்காமல் கேக் வாங்கி வருவாய். ஊரில் எல்லாரும் தங்கமான பிள்ளை என்பார்கள். அந்தப் பெண் ஒரு புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள், நீ "சூப்பர்" என்பாய். புதிதாக ஒன்று சமைத்து வைப்பாள், "சூப்பர்" என்பாய். ஆபீஸில் நடந்ததைச் சொல்லி அழுவாள், அப்போதுகூடத் தவறிப்போய் "சூப்பர்" என்பாயோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அவள் சண்டை போட மாட்டாள். உன்னோடு சண்டை போடக் காரணமே கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக உன்னிடம் எதையும் காட்டுவதை நிறுத்திவிடுவாள். அப்படி நிறுத்தியதும் உனக்குத் தெரியாது.

எப்படிச் சொல்கிறேன் என்று கேட்கிறாயா? ஆவணிக்குப் பிறகு எத்தனை தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போனாய். ஒரு தடவையாவது நான் உன்னை அறைக்குள் கூப்பிட்டு, "இதப் பாருடா" என்று எதையாவது காட்டினேனா? நினைத்துப் பார். நிறுத்திவிட்டேன். உனக்குத் தெரிந்ததா?

அப்பாவைப் போல வாய்க்கு வாய் குறை சொல்லு என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும். ஆனால் அவள் எதையாவது நீட்டினால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார். புரியவில்லை என்றால் "இது என்ன?" என்று கேள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல், சாப்பாட்டுத் தட்டு டங்கென்று வந்தால் வரட்டும். எதுவும் உடைந்துவிடாது.

இன்னும் ஒன்று. அடுத்த தடவை வரும்போது ஸ்ரீரங்கத்துக்குப் போய், உன் மாமனார் எதிரில் நின்று, "மாமா, அது வாழையிலை இல்ல, பாகற்காய். நான்தான் பாக்காமலே சொல்லிட்டேன்" என்று சொல்ல வேண்டும். நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன், ஸ்ரீநிதியும் சொல்ல மாட்டாள், அவளிடம் பேசி வைத்துவிட்டேன். அவர்கள் அதைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டால் இறக்கட்டும். அத்தை கோபப்பட்டால் கேட்டுக்கொள். கல்யாணம் ஒன்றும் நின்றுவிடாது. அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்துவிடு. பின்பக்கம் பிரித்து, பஞ்சை மாற்றி, எழும்புகிறதா என்று பார்க்கிறேன். முழுசாக எழும்பாது. பாதி எழும்பினாலும் போதும்.

குளவிக் கூடு அதற்குள் முடிந்திருக்கும். முன் அறையில் கிழக்கு ஜன்னலோரமாக வைத்திருப்பேன். காலையில் வெயில் விழும்போது வா. அந்த அறை விஷயத்தில் அம்மா ஏன் பிடி கொடுக்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டாயாமே. நீ அங்கே டேப் வைத்து அளக்க வந்திருக்கிறாய், பாகற்காயை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறாய். பார்க்க ஒரு தடவைகூட வரவில்லை. இந்தத் தடவை பார்க்க வா. என்ன தெரிகிறதோ அதைச் சொல்லு. கூசினால் கூசுகிறது என்று சொல்லு. சூப்பர் என்று மட்டும் சொல்லாதே.

அம்மா